பார்த்தெனான் முகப்பின் 6 சென்டிமீட்டர்: ஒரு பனோரமாப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் இருக்கும் பார்த்தெனான் கோயிலின் கிழக்கு முகப்பை, பல படங்களை ஒட்டிச் சேர்த்த மிக நுணுக்கமான பனோரமாவாக எடுத்துத் தரும்படி ஒரு கட்டடக்கலைக் கல்லூரி ஒரு சிறு குழுவிடம் கேட்டது. குழுவில் நான்கு பேர். இருவர் படம் எடுப்பவர்கள், ஒருவர் படங்களை ஒட்டிச் சேர்ப்பவர், இன்னொருவர் கடைசி மெருகு போடுபவர். கல்லூரித் தரப்பில் இதைக் கேட்டு வாங்கியவர் பண்டைக் கிரேக்கத்தின் டோரிக் பாணிக் கோயில்களைப் பாடமாக நடத்தும் ஆசிரியை. படம் ஒப்படைக்கப்பட்ட பிறகு ஒரு கேள்வி எழுந்தது. அப்போது கோப்புகளைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். இரு தரப்பின் சம்மதத்தோடும், பெயர்கள் இல்லாமலும் இதை எழுதுகிறேன்.

ஆசிரியைக்கு ஏன் இந்தப் படம் வேண்டியிருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். பார்த்தெனான் கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் முடிந்த கோயில். முகப்பில் 8 தூண்கள், நீளவாக்கில் 17. பார்க்கும்போது எல்லாம் நேர்கோடாகவே தெரியும். ஆனால் அளந்து பார்த்தால் நேர்கோடு என்று சொல்லத்தக்கது அங்கே அபூர்வம். தூண்கள் நிற்கும் மேல்படியை ஸ்டைலோபேட் என்பார்கள். அது ஓரங்களைவிட நடுவில் மேலெழும்பியிருக்கும்: குறுகிய பக்கங்களில் சுமார் 6 செ.மீ., நீளப் பக்கங்களில் சுமார் 11 செ.மீ. 10.43 மீட்டர் உயரத் தூண்கள் உள்பக்கமாகச் சுமார் 7 செ.மீ. சாய்ந்தவை. ஒவ்வொரு தூணும் நடுவில் மிக லேசாகப் புடைத்திருக்கும்; அந்தப் புடைப்பு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான். ஓரத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன்.

தட்டையான படி நடுவில் குழிந்ததுபோலத் தெரியும், அதனால்தான் உயர்த்திக் கட்டவேண்டும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். மழைநீர் வடியத்தான் என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும் வளைவு இருப்பதில் சந்தேகமில்லை. 1846–47-இல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் பென்ரோஸ் அங்குலம் அங்குலமாக அளந்து அதை உறுதிசெய்தார். ஆனால் வகுப்பில் இதைக் காட்டுவது கடினம். சாதாரணப் புகைப்படத்தில் 31 மீட்டர் அகலத்தில் 6 செ.மீ. எங்கே தெரியப்போகிறது? திரையில் பெரிதாக்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று ஆசிரியை நினைத்தார்.

குழுவுக்குப் போன வேலைக் கடிதத்தில் இது எதுவும் இல்லை. எத்தனை பிக்சல், எந்தக் கோப்பு வடிவம், எப்போது வேண்டும், 'கட்டடப் படத்துக்குரிய தரத்தில்' என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

அனுமதியும் இடமும்

கிரேக்கத்தில் தொல்லிடங்களைப் பாதுகாப்பது 2002-ஆம் ஆண்டின் 3028-ஆம் எண் சட்டம். கையில் கேமரா வைத்துப் படம் எடுக்கிற பயணியை யாரும் தடுப்பதில்லை. டிரைபாட் விரித்தால் கதை வேறு. கலாச்சார அமைச்சகத்தின்கீழ் உள்ள தொல்பொருள் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தொழில்முறைப் படப்பிடிப்புக்குக் கட்டணமும் உண்டு. குழு முன்கூட்டியே விண்ணப்பித்து, பொதுமக்கள் நுழைவதற்கு முந்தைய நேரத்தையும் அதையொட்டிக் கொஞ்ச நேரத்தையும் கேட்டு வாங்கியது. காலை 8 மணிக்குக் கதவு திறந்துவிடும். 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு இருந்தாலும் அந்த 20,000 பேரும் கடைசியில் பார்த்தெனான் முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

முகப்பிலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் தள்ளி, ரோமா–அகஸ்டஸ் சிறுகோயிலின் கற்கள் கிடக்கும் பக்கம் டிரைபாட்டை நிறுத்தினார்கள். 45 மெகாபிக்சல் கேமரா, 85 மி.மீ. லென்ஸ். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4.35 மைக்ரான். 35 மீட்டரில் அது கல்லின்மேல் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டருக்குச் சமம். அப்படியானால் முகப்பு முழுக்க 17,000 பிக்சலுக்குச் சற்று அதிகம். படியின் 6 செ.மீ. எழுச்சி சுமார் 33 பிக்சல். தூணின் 7 செ.மீ. சாய்வு சுமார் 39 பிக்சல், 17 மி.மீ. புடைப்புகூடக் கிட்டத்தட்ட 10 பிக்சல். ஆசிரியை கேட்டது கிடைக்கக்கூடியதுதான். கருவியில் குறையே இல்லை.

படப்பிடிப்பு

அக்டோபர் மாதத்தில் எடுத்தார்கள். கோடையில் போயிருந்தால் வெப்ப அலை நாட்களில் நண்பகலில் குன்றையே மூடிவிடுகிற சிக்கல் இருக்கும். இலையுதிர் காலத்தில் அது இல்லை. ஆனால் கிழக்கே ஹைமெட்டஸ் மலை 1,026 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சூரியன் உதித்தபிறகும் மலையைத் தாண்டி முகப்பைத் தொடக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கதவு திறக்குமுன் கிடைப்பது நிழலே இல்லாத தட்டையான வெளிச்சம். வெயில் வரும்போது கூட்டமும் வந்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. டிரைபாட்டை நகர்த்தாமல் இரண்டு முறை எடுத்தார்கள். முதல் முறை நிழலற்ற ஒளியில், ஆளில்லாமல். இரண்டாம் முறை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வெயில் விழுந்து தூண்களின் பள்ளங்கள் எழுந்து தெரியும்போது, ஒவ்வொரு நிலையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிரேம்களாக. ஆட்கள் நகர நகர, பின்னால் அவர்களை அழிக்க வசதியாக இருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, பனோரமா ஹெட்டில் லென்ஸின் ஒளி நுழையும் புள்ளியைச் சுழலும் அச்சின்மேல் சரியாக நிறுத்தியிருந்தார்கள். முகப்பு தொலைவில் இருப்பதால் அதற்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இப்படிச் செய்யாவிட்டால், முன்னால் சில மீட்டரில் கிடக்கும் பளிங்குத் துண்டுகள் ஒட்டிய படத்தில் இரட்டையாகத் தெரியும். துளை எஃப்/8; இன்னும் மூடினால், துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையத் தொடங்கும். வெளிச்ச அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டினார்கள். நிறப் பலகையை ஒரு ஃபிரேமில் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

ஒன்றை மட்டும் குறித்து வைக்கவில்லை. டிரைபாட் தலையிலுள்ள ரசமட்டம் நடுவில்தான் நின்றதா என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. அன்றைக்கு அது முக்கியமாகத் தோன்றியிருக்காது. வழக்கமாக அதை ஒட்டும்போது சரிசெய்துவிடுவார்கள்.

முதல் ஒப்படைப்பு

படம் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. கிழக்கு முக்கோண முகட்டில் மூலச் சிற்பங்களுக்குப் பதிலாக வைத்திருக்கும் பிரதிகள், குதிரைத் தலையின் பிடரி மயிர்வரை தெரிந்தன. ஆசிரியை பாடத்துக்காக ஸ்டைலோபேட்டின் விளிம்பில் ஓரத்துக்கு ஓரம் ஒரு கோடு போட்டார். விளிம்பு கோட்டோடு ஒட்டிக்கொண்டே போனது. நடுவில் 33 பிக்சல் மேலே போக வேண்டியது, ஒன்றிரண்டு பிக்சலுக்குமேல் விலகவில்லை. தூண்களைச் சோதித்தார். ஓரத் தூண்களின் நடு அச்சு இரண்டு பக்கமும் நூல் பிடித்ததுபோல் நேர் நிமிர்வு.

தான் இத்தனை ஆண்டுகள் நடத்திய பாடம் தவறோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியதாம். பிறகு குழுவுக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில் சுருக்கமானது: லென்ஸால் வந்த வளைவுகளும் கேமராச் சாய்வால் வந்த கோணலும் சரிசெய்யப்பட்டுவிட்டன, கவலை வேண்டாம்.

வளைவு எங்கே போனது

கோப்புகளைப் படிப்படியாகப் பின்னோக்கித் திறந்து பார்த்ததில், கட்டடத்தின் இரண்டு குணங்கள் இரண்டு வெவ்வேறு கைகளில் தொலைந்திருப்பது தெரிந்தது.

தூண்களின் சாய்வு ஒட்டும் மேசையில் போனது. ஹியூகின் போன்ற ஒட்டு மென்பொருள்களில் அடுத்தடுத்த படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் சாதாரண கன்ட்ரோல் பாயின்ட் தவிர, 'இந்த இரண்டு புள்ளிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் உள்ளன' என்று சொல்லும் வகையும் உண்டு. கட்டட பனோரமாக்களில் சுவர் ஓரத்தையும் தூணையும் இப்படிக் குறித்து, முழுப் படத்தையும் நிமிர்த்துவது அன்றாட வழக்கம். இங்கேயும் ஓரத் தூண்கள் இரண்டையும் செங்குத்து என்று குறித்தார்கள். மென்பொருள் அதை நம்பி, கேமராவின் சாய்வுக் கோணத்தை மாற்றி, தூண்களை நிமிர்த்தியது.

இதற்கு எவ்வளவு கோணம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டேன். 35 மீட்டர் தொலைவில், நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும் தூணின் 7 செ.மீ. சாய்வை மறைக்க, கேமரா ஒரு டிகிரிக்கும் குறைவாக மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்ததாகச் சொன்னால் போதும். ஒரு டிகிரி என்பது யாருக்கும் சந்தேகம் வராத அளவு. இடையில் உள்ள தூண்கள் எதிர்ப்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும், விரிந்தும் இருந்தன. ஆனால் அதைத் தேடிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

படியின் வளைவு மெருகு மேசையில் போனது. ஒட்டி முடித்த கோப்பில் அது கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தது. மெருகு போட்டவர் வழக்கப்படி வழிகாட்டிக் கோடுகள் போட்டிருக்கிறார். படி நடுவில் தூக்கியிருப்பதைக் கண்டதும், லென்ஸ் குறையால் வந்த வளைவு மிச்சமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, படத்தை இழுத்து வளைக்கும் வார்ப் கருவியால் நடுப்பகுதியைக் கீழே இழுத்து நேராக்கிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியவில்லை. மற்ற எந்தக் கட்டடத்திலும் அவர் செய்தது சரியான வேலை. இந்தக் கோயில் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. லென்ஸ் குறை எப்படிப் படத்தில் தெரியுமோ, கோயிலின் கட்டடக் கலைஞர்களான இக்டினஸும் காலிக்ரடீஸும் வேண்டுமென்றே கட்டிய வளைவும் அப்படியேதான் தெரியும். தொகுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் பட்டது. ஆசிரியை அதைக் கேட்கவில்லை. பென்டெலிக் பளிங்கில் இரும்புச் சத்து உண்டு. காலப்போக்கில் அதுதான் பழைய கற்களுக்குத் தேன் நிறம் தருகிறது. அக்ரோபோலிஸின் பாதுகாப்புக்காக 1975-இல் அமைக்கப்பட்ட குழுவின் மேற்பார்வையில் நடந்துவரும் பழுதுபார்ப்பில், அதே பென்டெலி மலையிலிருந்து வெட்டிய புதுக் கல்லைத்தான் சேர்க்கிறார்கள். அது பளீரென்று வெள்ளையாக இருக்கும். புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனாலும் பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பது பழஞ்சின்னங்களைப் பழுதுபார்ப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் விதி. மெருகின்போது 'நிறத்தைச் சீராக்கு' என்ற தானியங்கி வசதியைப் பயன்படுத்தியதில் இந்த வேறுபாடு பாதியாகக் குறைந்திருந்தது. கல்லில் எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல்லாண்டாக உழைத்தவர்களின் வேலை ஒரு ஸ்லைடரில் மங்கிப்போயிருந்தது.

எடுத்த முடிவுகள்

குழுவும் ஆசிரியையும் சேர்ந்து பேசினார்கள், நானும் உடனிருந்தேன். முதலில் முடிவானது, கையிலுள்ள ரா கோப்புகளிலிருந்து, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தப்படாத மூலக் கோப்புகளிலிருந்து, எதை நம்பி மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று பிரிப்பது.

படியின் வளைவை மீட்கலாம். கேமரா எப்படிச் சாய்ந்திருந்தாலும் நேர்கோடு படத்தில் நேர்கோடாகவே விழும், லென்ஸ் ஒழுங்காக இருக்கும்வரை. ஆகவே லென்ஸின் உண்மையான வளைவைத் தனியாக அளந்துவிட்டால், மிச்சமிருக்கும் வளைவு கல்லுடையது. இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும் என்று படம் எடுத்தவர்களில் ஒருவர் சொன்னார். நியாயமான யோசனை, ஒளி அளவையியலில் இது பழைய முறைதான். ஒரு கூடத்தில் வரிசையாகக் கயிறுகளைத் தொங்கவிட்டு, அதே லென்ஸ், அதே துளையோடு படம் எடுத்தார்கள். லென்ஸின் வளைவு ஃபோகஸ் தூரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்பதால் கூடத்தின் நீளத்தை முழுதும் பயன்படுத்திக் கூடியமட்டும் தொலைவில் நின்றார்கள். தொங்கும் கயிறு வளையாது. படத்தில் வளைந்தால் அது லென்ஸ் செய்த வேலை. அதில் கிடைத்த எண்களை ஒட்டு மென்பொருளில் ஊட்டிப் பூட்டிவிட்டு, பனோரமாவிலிருந்து லென்ஸ் வளைவைக் கணிக்கும் வசதியை அணைத்தார்கள். செங்குத்து, கிடைக்கோட்டுப் புள்ளிகள் எல்லாவற்றையும் அழித்தார்கள்.

தூண்களின் சாய்வு அப்படி இல்லை. எது நிமிர்வு என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ரசமட்டத்தின் பதிவு கிடையாது. நடுத் தூண்களை வைத்துக் கணித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அவை பக்கவாட்டில் சாயாமல் பின்னோக்கி மட்டுமே சாய்ந்தவை என்பதால் அந்த எண்ணம் வந்தது. ஆனால் 1687-இல் வெனிஸ் படையின் குண்டு உள்ளே இருந்த வெடிமருந்தில் விழுந்து கோயில் நடுவில் பிளந்தது. அதன்பின் நிலநடுக்கங்களும் வந்துபோயின. எந்தத் தூண் இன்று எந்த நிலையில் நிற்கிறது என்று அதே படத்தை வைத்தே முடிவுசெய்தால் வட்டத்துக்குள் சுற்றுகிற வேலைதான். போதாக்குறைக்கு, பின்னோக்கிச் சாய்ந்த தூணின் உச்சி அடியைவிடத் தூரத்தில் இருப்பதால், நேராகப் பார்க்கும் படத்தில் அதுவும் உள்ளே நகர்ந்து தெரியும். ஓரத் தூணுக்கு அது மட்டுமே சுமார் 3 செ.மீ. வரும். அதனால் தூண்களைப் பற்றி அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்வதில்லை என்று முடிவானது. ஆசிரியைக்கு வருத்தம்தான். ஆனாலும் பாடக்குறிப்பில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்.

நிறத்துக்கு, பிடித்து வைத்திருந்த நிறப் பலகையின்படி மட்டும் திருத்தம். ஃபிரேமுக்கு ஃபிரேம் வரும் வெளிச்ச மாறுபாட்டை மட்டும் மென்பொருள் சரிசெய்யலாம். நிறங்களை ஒன்றோடொன்று நெருக்கும் எதையும் தொடக்கூடாது.

மறுபடி ஒட்டியதும், திரும்பப் போனதும்

நிழலற்ற ஒளியில் எடுத்த முதல் தொகுப்பைத்தான் மறுபடி ஒட்டினார்கள். அதில் ஆட்களும் இல்லை, நிழலும் இல்லை. படியின் விளிம்பைத் துல்லியமாகப் பிடிக்கலாம். அழகுக்காக எடுத்த வெயில் தொகுப்பைவிட, பார்க்கச் சுமாராக இருக்கும் இதுதான் கடைசியில் பாடத்துக்கு உதவியது. விளிம்பின் நடுப்பகுதி கோட்டுக்கு மேலே எழுந்தது. அளவு, பென்ரோஸ் காலத்திலிருந்து சொல்லப்படும் 6 செ.மீ.-க்கு நெருங்கியே வந்தது. விளிம்பு உடைந்தும் தேய்ந்தும் இருப்பதால் அதற்குமேல் நுணுக்கம் பேசுவதில் பொருளில்லை; இந்தப் படத்தை அளவைக் கருவியாக வைத்துப் புதிய எண் சொல்ல ஆசிரியையும் ஆசைப்படவில்லை. மாணவர்கள் கண்ணால் காண வேண்டும், அது நடந்தது.

தூண்களுக்காக அடுத்த பருவத்தில் மீண்டும் அனுமதி வாங்கிப் போனார்கள். இந்த முறை கேமராவுக்கும் முகப்புக்கும் நடுவில், இடமும் வலமுமாக இரண்டு விளக்குத் தாங்கிகளில் தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டார்கள். கோயில் கல்லைத் தொடாத ஏற்பாடு என்பதை விண்ணப்பத்திலேயே வரைந்து காட்டியிருந்ததால் கேள்வி எழவில்லை. குன்றின்மேல் காற்று சும்மா இருக்காது. குண்டைத் தண்ணீர் வாளிக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். நில அளவையாளர்களின் பழைய உத்தி அது. கயிறு தெரியும் ஃபிரேம்களைத் தனியாக எடுத்துவிட்டு, தாங்கிகளை அகற்றி, கேமராவை அசைக்காமல் முகப்பை முழுதாக எடுத்தார்கள். ஒட்டும்போது செங்குத்து என்று குறித்தது கயிறுகளை மட்டும். ஓரத் தூண்கள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து வந்தன. பின்சாய்வின் பங்கைக் கழித்த பிறகும் சாய்வு மிஞ்சியது.

இனி எதை மாற்றிச் செய்வார்கள்

வேலைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே படம் எதற்காக என்று இருக்கும். பிக்சல் எண்ணிக்கை அதற்குப் பிறகு. அந்தப் பத்தி ஒட்டுபவருக்கும் மெருகு போடுபவருக்கும் சேர்த்தே போகும். என் கணக்கில், நடந்ததில் முக்கால்வாசி இந்த ஒரு பத்தி இல்லாததால் வந்தது.

கோப்புகள் இரண்டாகப் பிரியும். ஒன்றில் லென்ஸ் எண்களைத் தவிர எந்த வடிவத் திருத்தமும் இருக்காது, நிறமும் பலகையின்படி. மற்றது பார்வைக்கு, அதில் என்ன செய்தாலும் என்ன செய்தோம் என்று கூடவே எழுதி வைக்க வேண்டும். முதல் கோப்பில் வார்ப், தானியங்கி நேராக்கம், நிறச் சமன் மூன்றுக்கும் இடமில்லை. பெரிய படத்தைக் கொடுத்துவிட்டு ரா கோப்புகளை அழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இவர்கள் அழிக்காமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இனி அது ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

களத்தில் லென்ஸ் சோதனை, ரசமட்டத்தின் படம், ஒரு தூக்குக்குண்டு ஃபிரேம் ஆகியவை எடுக்காமல் டிரைபாட்டை மடக்குவதில்லை. இதற்கெல்லாம் ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

இதே முறையில் 11 செ.மீ. எழும் நீளப் பக்கத்தையும் எடுக்கலாமா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அது லேசில்லை. சுமார் 69.5 மீட்டர் நீளத்தை வடக்குப் பாதையில் ஒரே இடத்தில் நின்று எடுத்தால், ஓரங்கள் மிகச் சரிந்த கோணத்தில் விழுந்து, பிக்சலுக்கு இவ்வளவு மில்லிமீட்டர் என்ற கணக்கே கலைந்துவிடும். பல இடங்களில் நின்று எடுத்தால் முன்னால் கிடக்கும் கற்கள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். பனோரமாவாக ஒட்டவே முடியாது. பல கோணப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் போட்டோகிராமெட்ரி முறைக்குப் போக வேண்டும், அளவுக் குறிகளும் வைக்க வேண்டும். அதற்கு வேறு வகை அனுமதி, வேறு ஆட்கள். இப்போதைக்குக் கிழக்கு முகப்போடு பாடம் நடக்கிறது.